அடை தெளியாத வெடைக்கோழி

மனித குலம் இதுவரை உண்டாக்கியவற்றுள் நீதியைப் போல உயர்ந்தது வேறொன்று இல்லை. அது அரசர்களை இறக்கியது, ஏழைகளை ஏற்றியது, கடலூரில் கோர்ட்டுக் கட்டிக் கொலுவிருந்தது. அங்கிருந்து ஒருநாள் புறப்பட்டு, விழுப்புரம் வழியாகக் கெடார் சாலையில் மேற்கே வந்து, துரைக்கண்ணுவின் வீட்டில் ஒரு கோழித் தொடையில் தடுக்கி விழுந்தது.

துரைக்கண்ணு ஒரே ஒரு முறை கடலூர் செஷன்ஸ் கோர்ட்டில் அசெஸராக உட்கார்ந்தவர். நிலபுலம் உள்ள ஆட்களைச் சர்க்கார் கூப்பிட்டு, ஜட்ஜுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, வழக்கைக் கேட்கச் சொல்லி, முடிவில் அபிப்பிராயம் கேட்கும். அந்த அபிப்பிராயத்தை ஜட்ஜ் ஏற்றுக்கொண்டுதான் ஆகவேண்டும் என்பதில்லை. துரைக்கண்ணு ‘குற்றவாளி’ என்றார். ஜட்ஜ் அந்த ஆளை அன்று சாயங்காலமே விடுதலை செய்தார். ஊருக்குத் தெரிந்தது முதல் பாதி. இரண்டாம் பாதி அவர் மனைவி லட்சுமியம்மாளுக்கு மட்டும் தெரியும். ஒரு காய்ச்சலின்போது அவரே பிதற்றிவிட்டார்.

அதிலிருந்து அவருக்கு அசெஸர் என்றே பெயர். கடலூருக்குப் போட்டுக்கொண்டு போன கறுப்புக் கோட்டு சுவரில் ஆணியில் தொங்கியது. பூசணிக்காயை எத்தனை பத்தையாகப் போடுவது, பக்கத்துக் காட்டுக்காரன் கேட்ட ஏரை இன்றைக்குக் கொடுப்பதா நாளைக்குக் கொடுப்பதா என்று எதற்கும் அந்த வீட்டில் விசாரணை உண்டு, தீர்ப்பு உண்டு. அப்பீல் மட்டும் கிடையாது.

போன பொங்கல் கரிநாளன்று மருமகன் சக்கரபாணி விருந்துக்கு வந்திருந்தான். ஒலக்கூருக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஒரு ரயில்வே கேட்டில் அவன் கேட்மேன். வண்டி வரும்போது சாலையை அடைத்துப் பச்சைக் கொடி காட்டுகிற வேலை. பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டு சர்க்கார் கொடுத்தது; அதைப் போட்டுக்கொண்டால் மதராஸ் வரைக்கும் போகிற தண்டவாளம் முழுக்கத் தன்னுடையது என்பது போல நடப்பான். ராஜாமணியைக் கட்டி மூன்று வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இன்னும் இல்லை.

அன்று துரைக்கண்ணுவின் சிநேகிதரான பென்ஷன் ஏட்டையாவும் வந்திருந்தார். கோழிக்குத் தொடை இரண்டு. பங்கு போட்டது அசெஸர். வயதை முன்னிட்டு ஒரு தொடை ஏட்டையா இலையில் விழுந்தது. பங்கு போட்டவர் என்ற முறையில் மற்றது அவர் இலையிலேயே விழுந்தது. மருமகனுக்குக் கழுத்தும் ஓர் இறக்கையும் வந்தன. தொடையும் ஈரலும் மாப்பிள்ளைக்கு என்பது அந்தப் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

சக்கரபாணி பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான். கை கழுவப் போனவனைத் துரைக்கண்ணு எல்லார் முன்னிலும் நிறுத்தினார்.

“இன்னா மாப்ளே, எலய உட்டு எந்திரிச்சிட்டீங்க? காரணம் சொல்லணும்.”

சக்கரபாணியின் கண் எல்லார் இலையையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. முகம் சிவந்து வியர்த்தது. அப்புறம் சொன்னான்:

“தொட எங்க போச்சின்னு பாக்கத்தான் எந்திரிச்சேன் மாமா. இந்த ஊட்ல என் எலையில என்னிக்கு கோழித்தொட உழுதோ அன்னிக்கு வந்து உங்க பொண்ண கூட்டிக்கினு போறேன். அதுவரிக்கும் இங்கியே இருக்கட்டும்.”

மறுநாளே ஆளை அனுப்பி அழைத்து இரண்டு தொடையும் போட்டு அனுப்பியிருக்கலாம். கூடையைக் கவிழ்த்தால் பத்துக் கோழி இருந்த வீடு. லட்சுமியம்மாள் சொல்லிப் பார்த்தாள். “நாமளே வலியப் போய்க் கூப்புட்டா தப்ப ஒத்துக்கினதா ஆயிடும்” என்று துரைக்கண்ணு தள்ளுபடி செய்துவிட்டார். மாசியும் பங்குனியும் போயின. ராஜாமணி கேப்பைக் களி கிண்டினாள், மல்லாட்டைக் கடலை உரித்தாள், யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. திண்டிவனத்திலிருந்து வருகிறவர்கள் சொன்னதுதான் கவலையாக இருந்தது: சக்கரபாணியின் தாய் தன் ஒன்றுவிட்ட அண்ணன் மகள் ஒருத்தியை ரயில்வே கேட்டுக்குக் கூட்டிவந்து தங்க வைத்திருக்கிறாளாம், சமையலுக்கென்று.

சித்திரைக் கடைசி வெயிலில் கோழிகளுக்குக் கொள்ளைநோய் வந்தது.

முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு நின்றன. அடுத்த நாள் சுண்ணாம்பு கரைத்ததுபோல வெள்ளையாகக் கழிந்தன. கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ள, நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி விழுந்தன. கெடாரிலும் இப்படி, முண்டியம்பாக்கத்திலும் இப்படி. விழுப்புரம் சந்தையில் கோழிக்காரன் கூடை வைக்கிற இடத்தில் ஒருவன் புளி விற்றான். சேவல் கூவாததால் தெருவே விடிந்த பிறகுதான் எழுந்தது. பால்காரன் மட்டும் எப்போதும் அப்படித்தான் எழுந்தான். இப்போது அவனுக்குச் சொல்ல ஒரு காரணம் கிடைத்தது.

தெரு முழுக்கச் செத்ததில் தப்பியது ஒன்று. லட்சுமியம்மாளின் கறுப்பு வெடைக்கோழி. முதல் ஈட்டு முட்டைக்கு இடம் தேடி, கொல்லையில் வைக்கோல் போரின் உச்சியில் தனியாகப் பதுங்கியிருந்ததால் சீக்கு அதைத் தொடவில்லை. மற்றதையெல்லாம் குழியில் போட்டு மூடிய பிறகு அது போரிலிருந்து இறங்கி வந்தது. சிறகை உப்பிக்கொண்டு, உடம்பைத் தாழ்த்திக்கொண்டு, தொண்டைக்குள் ‘கொர்ர் கொர்ர்’ என்றபடி. கொண்டை வெளுத்திருந்தது. மார்பில் தானே பிடுங்கிக்கொண்டதால் ஒரு கைப்பிடி அகலத்துக்கு மயிர் இல்லை. பிடிக்கப் போன லட்சுமியம்மாளின் புறங்கையில் ஒரு கொத்து வைத்தது. வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். இட்லிப் பானை மூடி மாதிரி கொதித்தது. அடைக்கு வந்துவிட்டது.

செய்தி தெருவில் பரவ ஒரு குடம் தண்ணீர் எடுக்கிற நேரம்கூட ஆகவில்லை. முதலில் எதிர்வீட்டு முனியம்மாள் வந்தாள், மடியில் முட்டைகளோடு.

“லட்சுமி, இது எங்க செவலச் சேவலு இருந்தப்ப எட்டது. கேப்பக் குதிருல பொதச்சி வெச்சிருந்தேன். உன் கோழி வயித்துல எடம் குடு. வாடக கேக்காத.”

“வெடக்கோழிங்க இது. மொத அட. மொத அடையில பாதியில எந்திரிச்சிப் போயிடும். அப்பால என் தலையில வெக்காதீங்க.”

“போனா போவுது. பொண்ணு கட்டிக் குடுக்கறோம், அது நெலையா நிக்குமின்னு எழுதியா வாங்கறோம்?” என்ற முனியம்மாள், ராஜாமணி உள்ளே இருப்பது நினைவு வந்து, “நான் பொதுவாத்தான் சொன்னேன்” என்றாள்.

பின்னாலேயே அடுத்த வீட்டுச் சின்னபொண்ணு வந்தாள். “யக்கா, என்து நாலுதான். குலுக்கிப் பாத்துட்டேன், சத்தமில்ல.”

லட்சுமியம்மாள் ஒவ்வொன்றையும் காதருகே ஆட்டிப் பார்த்தாள், கையைக் குழல் போலச் சுருட்டி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். இன்னாருடையது என்று தெரிய முட்டையின்மேல் அடுப்புக்கரியால் அடையாளம் போட்டாள். முனியம்மாளுக்கு ஒரு கோடு, சின்னபொண்ணுக்கு ஒரு வட்டம், தன்னுடையதற்கு ஒன்றுமில்லை. உடைந்த கூடையில் ஆற்று மணல் பரப்பி, மேலே வைக்கோல் வைத்து, கோடை இடிக்கு முட்டை கலங்காமல் இருக்க ஒரு அரிவாள் துண்டும் இரண்டு கரியும் ஓரத்தில் செருகி, கோழியைத் தூக்கி வைத்தாள். அது அலகால் முட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டு, வயிற்றைப் பரப்பி உட்கார்ந்தது. வெடைக்கோழி மாதிரியே இல்லை. நாலு ஈடு பொரித்த கிழட்டுக் கோழி மாதிரி உட்கார்ந்தது.

அது உட்கார்ந்த வாரத்திலேயே, மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் போய் வந்த வண்டிக்காரர் முத்துசாமி வாசலில் வண்டியை நிறுத்தினார்.

“அசெஸரய்யா, உங்க மாப்ளய பாத்தேன். வர்ற ஞாயித்துக்கெழம லீவு போட்டுக்கினு வர்றாராம். தாய்மாமன் தேவநாதனையும் கூட்டியாறாரு. தொட உழுந்தா பொண்ண கூட்டிக்கினு போவாராம்.”

“உழலன்னா?”

“அத அவரு சொல்லல. அவங்கம்மா சொன்னாங்க.”

“இன்னா சொன்னாங்க?”

முத்துசாமி மாட்டின் மூக்கணாங்கயிற்றைச் சரிசெய்தார். “அந்த அண்ணன் பொண்ணு நல்லா சமைக்குதுன்னாங்க.”

அன்று துரைக்கண்ணு கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

வழக்கு எளிதாகத்தான் இருந்தது. தொடை வேண்டும். தொடைக்குக் கோழி வேண்டும். இந்தச் சீமையில் ஒரு கோழிதான் இருக்கிறது. அதை அறுக்க வேண்டியதுதான்.

“அட கெடக்கற கோழிங்க அது,” என்றாள் லட்சுமியம்மாள்.

“கெடந்தா?”

“அடையில இருக்கறத அறுத்தா அந்த ஊட்டுப் பொண்ணுக்கு வயிறு தெறக்காது. எங்கம்மா ஊட்லயும் அப்டித்தான், இங்கியும் அப்டித்தான். இவளுக்கு மூணு வருசமா ஒண்ணுமில்ல. இவள அனுப்பறதுக்கே அத அறுக்கச் சொல்றீங்களே.”

துரைக்கண்ணு யோசித்தார். கோர்ட்டில் கேட்டது கொஞ்சம் நினைவுக்கு வந்தது. “தோ பாரு. அட கெடக்கற கோழியத்தான் அறுக்கக் கூடாது. அட தெளிஞ்சிட்டா அது அடக்கோழி இல்ல, வெறுங்கோழி. வெறுங்கோழிய அறுக்கறதுக்கு எந்தத் தடையும் இல்ல. ஞாயித்துக்கெழமைக்குள்ள அடைய தெளிய வை.”

லட்சுமியம்மாள் கணக்குப் போட்டாள். பெண் போக வேண்டும். அது போதும். கோழி அப்புறம் எங்கேயாவது கிடைக்கும். முதல் அடைதானே, வெடைக்கோழிக்கு நிலைகொள்ளாது, இரண்டு முக்கு முக்கினால் மறந்துவிடும் என்று நினைத்தாள்.

முட்டைகளை எடுத்து, வெயிலில் சுடவைத்த உமிக்கூடையில் புதைத்து, மேலே கம்பளியைப் போட்டு அடுப்பங்கரையில் வைத்தாள். கோழி இல்லாமலே நாலைந்து நாள் உமி காப்பாற்றும், அதற்குமேல் சாமிதான். பிறகு கோழியைக் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் கழுத்து வரைக்கும் முக்கினாள். வயிற்றுச் சூடு இறங்க வேண்டும், சூடுதான் அடை. கோழி கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொண்டது. விட்டதும் உதறிவிட்டு, நீர் சொட்டச் சொட்ட, காலியான கூடைக்குப் போய் மணலின்மேல் உட்கார்ந்தது. மணல் சேறாயிற்று.

மறுநாள் கூடையை எடுத்து ஒளித்துவிட்டாள். கோழி அது இருந்த இடத்தில், வெறும் தரையில், அதே அளவு வட்டத்துக்கு உட்கார்ந்தது.

முனியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். “ஏன் லட்சுமி, தெருவே வயித்துல நெருப்பக் கட்டிக்கினு கெடக்கறோம், நீ கோழிய குளிப்பாட்டிக்கினு இருக்கற?”

“என் பொண்ணு போவ வேணாங்களா?”

“போவட்டும். ரயிலு இருக்குது, டிக்கெட்டு இருக்குது. கோழி தொடையில ஏறியா போவணும்?”

“அவங்கப்பாகிட்ட சொல்லுங்க.”

“அவருகிட்ட எங்க சொல்றது. பேசுனா கோட்டு போட்டுக்கறாரு.”

துரைக்கண்ணு சொன்ன யோசனை முருங்கை மரத்தில் வலைக்கூடையில் தொங்கவிடுவது. அடியில் காற்றோட்டம் இருந்தால் வயிறு குளிரும். அது சரியான யோசனைதான். ஆனால் கோழியைத் தொங்கவிட்டு, அது சத்தம் போடுகிறதா இல்லையா என்று கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரே விசாரித்தார். கோழி சத்தம் போடவில்லை. அவர் பக்கம் திரும்பி மேலிருந்து எச்சமிட்டது. அடைக்கோழியின் எச்சம் சாதாரணமாக இருக்காது. நாள் முழுக்கச் சேர்த்து வைத்து ஒரே தடவையில் உருண்டையாகப் போடும். நாற்றம் மூன்று வீட்டுக்கு வரும். கோட்டைத் துவைக்க வேண்டி வந்தது.

கடைசியாக லட்சுமியம்மாள் கோழியின் சிறகிலிருந்தே ஒரு இறகை உருவி, மூக்குத் துளை இரண்டிலும் குறுக்காகச் செருகிவிட்டாள். அதை உதற முயன்றுகொண்டே இருப்பதில் கோழிக்கு அடை மறந்துபோகும் என்று எல்லா வீட்டிலும் செய்வதுதான். இரண்டு பக்கமும் இறகு நீட்டிக்கொண்டு நின்ற கோழி, மீசை முறுக்கிய பென்ஷன் ஏட்டையாவைப் போலவே இருந்தது. ராஜாமணி நாலு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

“அதுக்கு ஒரு தொட வையும்மா. இல்லன்னா கோவிச்சிக்கும்.”

லட்சுமியம்மாளும் சிரித்துவிட்டு, அடுப்பங்கரையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ராஜாமணி உமிக்கூடைக்குள் கையை விட்டு முட்டைகளைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை.

“நெசமா சொல்லு. உனுக்கு அங்க போவணுமா?”

“போவணும்.”

“அந்த ஆளு தொடைக்காக உன்ன உட்டுட்டுப் போனவன்.”

“அவரு கெடக்கறாரு.” ராஜாமணி ஒரு முட்டையைத் துடைத்தாள். “அங்க வெடியற்கால வண்டிக்கு அவுரு எங்க எந்திரிக்கறாரு? நாந்தான் கேட்ட சாத்தி வெளக்கு காட்டுவேன். நான் வெளக்கு ஆட்டுனா அம்மாம் பெரிய வண்டி நம்பிப் போவுதும்மா. டிரைவரு என்னப் பாத்து கைய ஆட்டிக்கினு போவாரு. இங்க நான் அதட்டுனா ஆட்டுக்குட்டிகூட நவுறல.”

“கோட்டு அவன்து, வேல உன்துன்னு சொல்லு.”

“கோட்டு எனக்கு லூசா இருக்கும்.”

லட்சுமியம்மாள் எழுந்து போய் மிளகாயும் மல்லியும் வறுக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே வெயில் கொளுத்தியது. விழுப்புரம் ஸ்டேஷனுக்கு முத்துசாமியின் வண்டி போயிருந்தது. மசாலா அரைத்து உருட்டி வைத்தாயிற்று. கோழி மட்டும் மீசையோடு முருங்கை மரத்தடியில் கட்டுண்டு கிடந்தது. இரண்டு நாளாக அது ‘கொர்ர்’ என்று சொல்லவில்லை. ஆகவே அடை தெளிந்துவிட்டதாகத் துரைக்கண்ணு காலையிலேயே முடிவு செய்துவிட்டார். அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்த லட்சுமியம்மாளுக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் மூடியை எடுத்துவிட்டுச் சற்று நேரமான பானை மாதிரி இருந்தது. சந்தேகத்துக்கு இடம் இருந்தது.

வண்டி வந்தது. வண்டிக்குள் தாய்மாமன் தேவநாதன் மட்டும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை நீலக் கோட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தான். விழுப்புரத்திலிருந்து அப்படியே நடந்து வந்தானாம்.

“நம்ம வண்டியில ஒக்காரல பாத்தியா,” என்று துரைக்கண்ணு மனைவியிடம் முணுமுணுத்தார். “கோவம் இன்னும் எறங்கல.”

வாசலில் பாய் விரித்திருந்தது. தேவநாதன் உட்கார்ந்தார். சக்கரபாணி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஒக்காருங்க மாப்ளே.”

“இருக்கட்டும் மாமா. நின்னுக்கறேன்.”

“ஊட்டுக்கு வந்தவுரு நிக்கறதாவது.”

“நின்னுக்கறேன்னு சொல்றேன் இல்ல?” குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. துரைக்கண்ணு அதை ரோஷம் என்று எடுத்துக்கொண்டார். வாதி நின்றுகொண்டுதான் பேச வேண்டும் என்பதும் அவருக்கு நினைவு வந்தது. அவர் உள்ளே போய்த் துவைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். வைகாசி வெயிலில், உச்சிப்பொழுதில், ஒரு கறுப்புக் கோட்டும் ஒரு நீலக் கோட்டும் எதிரெதிரே நின்று வியர்த்தன. முனியம்மாளும் சின்னபொண்ணும் தங்கள் முட்டைகளின் கதியைப் பார்க்க வந்து வேலி ஓரமாக நின்றார்கள்.

மசாலா வாசனை வாசல் வரைக்கும் வந்தது. சக்கரபாணி ஒரு முறை எச்சில் விழுங்கினான்.

“மாப்ளே,” என்று துரைக்கண்ணு தொடங்கினார். “அன்னிக்கு நடந்தது நடந்துபோச்சி. இந்த ஜில்லாவுலயே இன்னிக்கு கோழி கெடையாது. கலெக்டரு ஊட்லயே இருக்குமான்னு சந்தேகம். ஆனா உங்களுக்காக ஒண்ணு தயாரா இருக்குது. ரெண்டு தொடையும் உங்களுக்கே. ஏட்டையாவ நான் கூப்புடல. லட்சுமி, கத்திய எடு.”

லட்சுமியம்மாள் கொல்லைக்குப் போனாள். கத்தியை எடுத்தாள். கட்டை அவிழ்க்காமல் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். அதன் வயிறு அவள் விலாவில் பட்டது. சூடு ஏறியிருந்தது. கட்டிப்போட்ட வெயிலின் சூடா, அடையின் சூடா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அறுத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பெண் சாயங்காலம் ரயிலேறிவிடுவாள். நாளைக்கு, அடுத்த வருஷத்துக்கு, அதற்கடுத்த வருஷத்துக்கு ஒவ்வொரு மாதமும் தான் மட்டும் இந்த வயிற்றை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அவள் கோழியோடும் கத்தியோடும் வாசலுக்கே வந்துவிட்டாள்.

“இங்க எதுக்குடி கொண்டாந்த?” என்றார் துரைக்கண்ணு.

“மாப்ளே, நீங்க ஒரு வார்த்த சொல்லணும். இது அடையில இருந்தது. தெளிஞ்சிட்டதா மாமா சொல்றாரு. தெளியலன்னு எனக்குத் தோணுது. தெளியாத கோழிய அறுத்துப் போட்டா பலன் உங்க பொண்டாட்டி தலையிலதான் விடியும். இப்ப அவுத்து உடறேன். மேயப் போச்சின்னா அறுக்கறேன்.”

“இது வெசாரணயில இல்லாத சங்கதி,” என்றார் துரைக்கண்ணு.

“உடுங்க சம்மந்தி, அது சொல்றதும் ஞாயந்தான்,” என்றார் தேவநாதன்.

லட்சுமியம்மாள் கட்டை அவிழ்த்துத் தரையில் விட்டாள். ராஜாமணி கதவோரம் நின்றிருந்தாள். யாரும் சொல்லாமலே சின்னபொண்ணு ஒரு கை நொய்யை எதிர்ப்பக்கம் இறைத்தாள். கோழி நொய்க்குப் போனால் தன் முட்டை போயிற்று என்பது கையை விட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முனியம்மாள் அவளைக் கிள்ளினாள்.

கோழி உதறிக்கொண்டது. நொய்யைப் பார்த்தது. ஒரு பொறுக்குப் பொறுக்கியது. துரைக்கண்ணு தொண்டையைச் செருமினார். அப்புறம் அது தலையைத் தாழ்த்திச் சிறகை உப்பிக்கொண்டு, இரண்டு கோட்டுகளுக்கும் நடுவால் நடந்து, ராஜாமணியின் காலை ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் போயிற்று. எல்லாரும் பின்னால் போனார்கள். அடுப்பங்கரை மூலையில் கம்பளியை அலகால் இழுத்துத் தள்ளிவிட்டு உமிக்கூடைக்குள் ஏறியது. மூக்கில் இறகோடு குனிந்து முட்டையை உருட்ட முடியாமல் இரண்டு முறை தடுமாறியது. பிறகு உட்கார்ந்துவிட்டது. ‘கொர்ர்’ என்றது.

“மொத அடையாம்,” என்றாள் முனியம்மாள். “எங்க ஊட்டுக்காரரு சேருல ஒக்காந்தாகூட இவ்ளோ நெலையா ஒக்கார மாட்டாரு.”

லட்சுமியம்மாள் குனிந்து இறகை உருவி எறிந்தாள். ராஜாமணி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே முத்துசாமியின் மாடு சலங்கையை ஆட்டியது.

வாசற்படியிலிருந்து சக்கரபாணியின் குரல் வந்தது. “உட்ருங்க அத்த. அடையில இருக்கறத அறுக்க வேணாம்.”

“அப்ப தொட?” என்றார் துரைக்கண்ணு.

“தொட கெடக்குது மாமா. நான் இவள கூட்டிக்கினு போறேன்.”

துரைக்கண்ணு திகைத்து, பிறகு உருகிப்போனார். வாதியே வழக்கை வாபஸ் வாங்குவதை அவர் கடலூரிலும் பார்த்ததில்லை. “ஊரு பாக்கட்டும்,” என்றார் வேலியைப் பார்த்து. “இதுதான் பெருந்தன்ம. நாலு மாசமா புடிச்ச புடிய ஒரு கோழிக்காக உட்டுக் குடுத்தாரு. லட்சுமி, எலய போடு. கருவாட்டுக் கொழம்பாவது சாப்புடட்டும்.”

“எல வேணாம் மாமா. ஒரு சொம்பு மோரு குடுங்க. நின்னுக்கினே குடிக்கறேன்.”

“பாத்தீங்களா சம்மந்தி? தொட உழாத எலையில ஒக்கார மாட்டேன்னு சொன்ன வாக்கு. அதயும் உடல, இதயும் உடல. ஆம்பள.”

தேவநாதன், “ஆமாமா,” என்று சொல்லிவிட்டுக் கருவாட்டுக் குழம்பைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். சக்கரபாணி நின்றபடியே இரண்டு சொம்பு மோர் குடித்தான். நாலு மாதத்தில் இளைத்திருந்தான். ராஜாமணியைப் பார்த்து, தாழ்ந்த குரலில், “ஜல்தி கெளம்பு. நீ இல்லாம ஒரே பேஜாராப் போச்சி. ரெண்டு தடவ வண்டி கேட்டாண்ட வந்து ஊதிக்கினே நின்னுச்சி,” என்றான்.

“உங்க மாமன் பொண்ணு சாத்தலியா?”

“அது சத்தத்துக்கு பயந்து உள்ள ஓடிடுது.”

ராஜாமணி மூட்டை கட்டப் போனாள். அதற்கு அவள் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

வெயில் தாழ்ந்தது. லட்சுமியம்மாள் கோழிக்குக் கம்பும் தண்ணீரும் கூடைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தபோது தேவநாதன் ஏப்பம் விட்டுக்கொண்டு அடுப்பங்கரைக்கு வந்தார். திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“சம்மந்தி, கொல்லையில கருணக்கெழங்கு இருந்தா நாலு தோண்டிக் குடுங்க.”

“இருக்குது. ஊட்டுக்கா?”

“அவனுக்குத்தான்.”

லட்சுமியம்மாள் கம்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“பொண்ணுகிட்ட நீங்க சொல்லிக்காதீங்க, அவனே சொல்லிக்கட்டும்,” என்றார் தேவநாதன். “பொங்கலுக்கு வந்தப்ப எலையில ஒக்கார முடியாமத்தான் எந்திரிச்சான். உங்க ஊட்டுக்காரரு அத்தினி பேரு எதுருல காரணம் சொல்லுன்னாரு. இன்னா சொல்லுவான்? வாயில வந்தத சொல்லிட்டான். இன்னிக்கு காலையில ரயில்லகூட, தொடய போட்டுட்டா எப்டி மாமா முழுங்கறதுன்னு அழுதான்.”

லட்சுமியம்மாள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். வாசலில் துரைக்கண்ணு கோட்டைக் கழற்றாமலே, மருமகனின் பெருந்தன்மையைப் பற்றி முத்துசாமியிடம் இரண்டாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சக்கரபாணிக்கு மூலம். கோழிக்கறி சூடு, தொடக் கூடாது என்று திண்டிவனத்து வைத்தியர் பொங்கலுக்கு முந்தின தீபாவளிக்கே சொல்லிவிட்டார்.